விலகி நிற்கும் அன்பு

காவலன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் பகையைத் தடுத்து நிறுத்தும் ஒருவனே நினைவுக்கு வருவான். நாட்டைக் காப்பவன் பகைவரைத் தடுக்கின்றான். வயலைக் காப்பவன் பறவைகளை ஓட்டுகின்றான். வீட்டைக் காப்பவன் கள்வரை விரட்டுகின்றான். காட்டைக் காப்பவன் யாரிடமிருந்து யாரைக் காக்கின்றான்? கொடிய விலங்குகளிடமிருந்து மக்களைக் காப்பதே அவன் தொழில் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பெரும்பகுதி உண்மை அதற்கு நேர்மாறானது. மக்களிடமிருந்து விலங்குகளைக் காப்பதே இன்று காட்டுக் காவலரின் தலையாய பணியாக உள்ளது. இதில் வியப்பு யாதெனில், விலங்குகளைப் பகைப்பவரிடமிருந்து மட்டும் அன்று. அவற்றின்மேல் அன்பு கொண்டு ஓடி வருபவரிடமிருந்தும் அவற்றைக் காக்க வேண்டியுள்ளது.

இக்கூற்றின் உண்மையை உணர, அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கோடைக் காலத்தை நோக்கினால் போதும். பூங்கா என்றவுடன் மலர்ப் பாத்திகளும் செயற்கை நீரூற்றும் உடைய நகரத்துத் தோட்டம் ஒன்றை எண்ணிவிடலாகாது. வையோமிங், மான்டானா, ஐடஹோ என்னும் மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் இப்பூங்கா, 3,400 சதுர மைலுக்கும் மேற்பட்ட பரப்புடையது. மலைகளும் ஊசியிலைக் காடுகளும் புல்வெளிகளும் பெரிய ஏரியும் ஆறுகளும் நிறைந்தது. பூமியின் உள்வெப்பத்தால் கொதித்துப் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றுகள் இங்கு மிகப் பல. 1872ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் சட்டத்தால் நிறுவப்பெற்ற இதனையே உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றுகின்றனர்.

பூங்கா தோன்றிய காலத்தில் அதன் பகைவர் யாவர் என்பதில் ஐயம் இருக்கவில்லை. தோலுக்காகவும் தலைக்காகவும் விலங்குகளைக் களவாக வேட்டையாடியவர்களே பகைவர். சட்டம் ஏட்டில் இருந்தது. காட்டில் காவல் இல்லை. ஆதலின் 1886ஆம் ஆண்டில் குதிரைப் படையினர் காவலுக்கு அனுப்பப்பட்டனர். 1894இல் விலங்குகளைக் கொல்வோரைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. ஆயினும் காலம் மிகவும் கடந்துவிட்டது. ஒரு காலத்தில் அக்கண்டத்தின் சமவெளிகளைக் கடல்போல் நிரப்பியிருந்த பைசன் என்னும் காட்டெருமைகளில், 1902ஆம் ஆண்டளவில் எல்லோஸ்டோன் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு டசன்களே. அச்சிறு கூட்டத்தைக் காத்தும், வேறிடத்திலிருந்து சிலவற்றைக் கொணர்ந்து பெருக்கியும் வந்தமையால், இன்று அங்கு ஆயிரக்கணக்கான காட்டெருமைகள் மேய்கின்றன. 1916இல் தேசியப் பூங்காப் பணித்துறை நிறுவப்பெற்றது. 1918இல் படையினர் நீங்கிப் பூங்காக் காவலர் அப்பொறுப்பை ஏற்றனர்.

இவ்வரலாற்றில் மறக்கத்தகாத மற்றொரு பகுதியும் உண்டு. காவலரே ஒரு காலத்தில் பகைவராயினர். மானைத் தின்னும் ஓநாய் தீய விலங்கு என்று அரசினரே கருதினர். அதனை வேட்டையாடி ஒழித்தனர். 1926ஆம் ஆண்டோடு எல்லோஸ்டோனில் ஓநாய்க் கூட்டம் அற்றுப்போயிற்று. பின்னர், அறிவியல் வளர்ந்தது. ஓநாய்க்கும் காட்டில் ஓர் இடம் உண்டு என்பது தெளிவாயிற்று. 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடா நாட்டிலிருந்து 31 ஓநாய்களைக் கொணர்ந்து விட்டனர். நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு தீமை செய்தல் எளிது என்பதற்கு இஃது ஒரு சான்று. அரசினர்க்கே இப்பிழை நேர்ந்ததெனின், சில நாள் மகிழ்ந்து போக வரும் பொதுமக்களுக்கு நேர்வதில் வியப்பு என்ன?

வேட்டைக்காரர் காலம் ஓய்ந்தபின் வந்தது காண வருவோர் காலம். 1915ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகள் பூங்காவுக்குள் செல்ல இசைவு பெற்றன. அன்று தொடங்கிய வெள்ளம் இன்று பெருகியுள்ளது. 2021ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அவ்வாண்டின் சூலைத் திங்கள் ஒன்றிலேயே அவ்வெண்ணிக்கை 10 இலட்சத்தைக் கடந்தது. பனிக்காலம் நீண்ட அந்நாட்டில், மக்கள் திரண்டு வருவதற்குரிய காலம் கோடையே. விலங்குகளுக்கும் அதுவே ஈனும் காலம், மேயும் காலம், இணை சேரும் காலம், வரப்போகும் பனிக்காலத்துக்கு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் காலம். மக்களின் விடுமுறையும் விலங்குகளின் வாழ்க்கைப் போராட்டமும் ஒரே சாலையில், ஒரே திங்களில் வந்து சந்திக்கின்றன. அச்சந்திப்பின் நடுவே நிற்பவரே பூங்காக் காவலர்.

அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த அக்காவலர் கோடையில் காண்பவை பலவகைப்பட்டவை. மே, சூன் திங்கள்களில் எல்க் என்னும் பெரிய மான்கள் கன்று ஈனும். பூங்காவின் தலைமையிடம் இருக்கும் மாமத் வெந்நீரூற்றுப் பகுதியில், வீடுகளையும் அலுவலகங்களையும் ஒட்டிய புதர்களிலேயே அவை தம் கன்றுகளை மறைத்து வைப்பதுண்டு. கன்று இருக்குமிடம் அறியாமல் சுவரோரம் திரும்பும் மனிதன்மேல் தாய் மான் பாய்ந்து, முன்னங்கால்களால் உதைக்கும். அந்நாட்களில் காவலர் செய்வது யாது? மானை விரட்டுவதில்லை. வழியை மறித்து அறிவிப்புப் பலகை வைக்கின்றார். வருவோரைச் சுற்றிச் செல்லுமாறு வேண்டுகின்றார். ஈன்ற தாய்க்கு வழிவிடுதல் எந்நாட்டுக்கும் பொதுவான பண்பு அன்றோ?

அதே காலத்தில், பனி உருகிய சாலையோரங்களில் இளம்புல் தழைக்கும். நீண்ட உறக்கம் நீங்கிய கரடிகள் அப்புல்லை மேய வரும். ஒரு கரடி தோன்றிய மாத்திரத்தில் முதல் வண்டி நிற்கும். பின் வரும் வண்டி அது நின்ற காரணத்தால் நிற்கும். சிறிது நேரத்தில் சாலை முழுதும் வண்டிகள் நிரம்பிவிடும். கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுப் புகைப்படக் கருவியும் கையுமாக மக்கள் ஓடுவர். காவலர் வந்து வண்டிகளை ஒதுக்குவார். மக்களைப் பின்னே நகர்த்துவார். கரடி சாலையைக் கடக்க வேண்டிய வழியைத் திறந்து வைப்பார். இவ்வாறு ஒரு நாளில் பல முறை நிகழ்வதுண்டு. காண்போர் கண்ணுக்குக் கரடி ஒன்றே காட்சி. காவலர் கண்ணோ கரடியை ஒரு முறை நோக்கினால், மக்களைப் பத்து முறை நோக்குகின்றது. எப்பொழுது எவர் வரம்பு கடப்பார் என்று கூறவியலாது.

சூலைத் திங்களின் நடுப்பகுதி முதல் ஆகத்துத் திங்களின் நடுப்பகுதி வரை காட்டெருமைகள் இணை சேரும் காலம். ஆண் எருமைகள் உறுமிக்கொண்டு மண்ணில் புரளும்; ஒன்றோடொன்று தலை மோதிப் பொரும். முற்றிய ஆண் எருமை ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையுடையது. அத்துணைப் பெரிய உடலோடு அது மனிதனைப்போல் மூன்று மடங்கு விரைவாக ஓட வல்லது. ஆயினும், அது பெரும்பொழுதும் அசையாமல் நின்று புல்லை மேய்கின்றது. ஊரில் உள்ள எருமையைப் போலவே சாதுவாகத் தோன்றுகின்றது. அத்தோற்றமே மக்களை ஏமாற்றுகின்றது. கூரிய பல்லுடைய கரடியையும் ஓநாயையும் அஞ்சி நிற்போர், புல் தின்னும் எருமையின் அருகில் சென்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள முயல்கின்றனர். விளைவு என்ன? எல்லோஸ்டோனில் மற்றெந்த விலங்கினாலும் காயமுற்றவரைக் காட்டிலும் காட்டெருமையால் காயமுற்றவரே மிகுதி. அதன் வால் மேல்நோக்கி நிமிர்ந்தால் அது சினத்தின் அடையாளம். உடனே விலக வேண்டும். விலங்கு பேசுவதில்லை என்பர். தன் மொழியில் அது பேசத்தான் செய்கின்றது. கேட்பாரே அரியர்.

இத்தகைய சந்திப்புகளுக்கு வரம்பு கட்டவே பூங்காவில் தெளிவான விதி ஒன்று உள்ளது. கரடி, ஓநாய் முதலிய கொல்விலங்குகளிடமிருந்து குறைந்தது 100 கசத் தொலைவில் நிற்க வேண்டும். காட்டெருமை, எல்க் முதலிய பிற விலங்குகளிடமிருந்து 25 கசத் தொலைவிலாவது நிற்க வேண்டும். அதனினும் சிறந்த அளவுகோல் வேறொன்று உண்டு. மேய்ந்துகொண்டிருந்த விலங்கு ஒருவர் வரவைக் கண்டு தலைநிமிர்ந்தால், படுத்திருந்தது எழுந்தால், நடந்தது வழி மாறினால், அவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்பது பொருள். விலங்கின் வாழ்க்கை தம்மால் மாறாதவாறு அதனைக் காண்பவரே உண்மையில் காட்டு விலங்கைக் கண்டவர். மற்றையோர் கண்டது, மனிதனைக் கண்டு கலங்கிய விலங்கையே.

அருகில் செல்வதனினும் பெருந்தீங்கு விளைப்பது உணவிடுதல். இக்கருத்தைக் கேட்டவுடன் பலர் உள்ளம் ஒப்பாது. பசித்த உயிர்க்கு உணவிடுதல் அறம் என்று கூறாத நூலும் உண்டோ, பயிற்றாத தாயும் உண்டோ என்று வினவத் தோன்றும். அவ்வறத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால், ஈகை என்பது இல்லாதவர்க்கு ஈவது. காட்டுக் கரடி இல்லாத உயிரா? மலை முழுதும் அதன் களஞ்சியமாக உள்ளது. வசந்தத்தில் இளம்புல், கோடையில் கிழங்கும் மீனும் கனியும், பின்னர் மலையுச்சியில் விளையும் வெண்பட்டைப் பைன் மரத்தின் விதை என்று பருவந்தோறும் அதற்கு உணவு உண்டு. கோடையின் பிற்பகுதியில் கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடிகள் உயர்ந்த மலைச் சரிவுகளில் ஏறி, கற்களைப் புரட்டி, அடியில் ஒளிந்திருக்கும் விட்டிற்பூச்சிகளை ஆயிரம் ஆயிரமாகத் தின்னும். ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சிகள் வரை தின்னக்கூடும் என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். இத்துணைத் திறனுடைய உயிருக்கு ஒரு துண்டு ரொட்டியை எறிவது ஈகை ஆகாது. உழைத்து உண்ணும் ஒருவனை இரந்து உண்ணப் பழக்குவதற்கு ஒப்பாகும் அது.

அவ்வாறு பழக்கியதன் விளைவை எல்லோஸ்டோன் வரலாறே காட்டுகின்றது. முன்னாளில் அங்கிருந்த விடுதிகளின் எச்சில் உணவைக் காட்டில் கொட்டுவது வழக்கம். அதனைத் தின்னக் கரடிகள் கூடின. கரடிகளைக் காண மக்கள் கூடினர். நிருவாகத்தினரும் அதனைத் தடுக்கவில்லை. மாறாக, மக்கள் அமர்ந்து காண்பதற்கு இருக்கைகளும் அமைத்துக் கொடுத்தனர். சாலையோரத்திலோ, வண்டிகளின் சன்னலருகே நின்று உணவு கேட்டு வாங்கக் கரடிகள் கற்றுக்கொண்டன. கொடுப்பவர் சிரித்தனர், குழந்தைகள் கைதட்டினர். பூங்காவுக்குச் சென்று மீண்டோர் யாவரும் கரடிக்கு உணவிட்ட கதையையே ஊரில் கூறினர்.

அச்சிரிப்பின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1931 முதல் 1969 வரை அப்பூங்காவில் ஆண்டுதோறும் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமுற்றனர். உடைமைகளுக்குச் சேதம் நேர்ந்த நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு 100க்கும் மேற்பட்டன. இது கரடியின் கொடுமை அன்று. நாள்தோறும் நூறு கைகள் உணவு நீட்டுகின்றன. நூற்றோராவது கை வெறுமையாக வருகின்றது. கரடிக்கு வெறுங்கை என்பது விளங்காது. அது பறிக்கின்றது, கிடைக்காதபொழுது கடிக்கின்றது. கடித்த கரடியைக் காவலர் பிடித்துத் தொலைவில் கொண்டு விடுகின்றனர். உணவின் சுவை அறிந்த கரடி மீண்டும் வருகின்றது. இறுதியில் அது கொல்லப்படுகின்றது. உணவிட்டவர் அதற்குள் நூறு கல் தொலைவு சென்றிருப்பார். தாம் இட்ட ரொட்டி அக்கரடியின் உயிருக்கு விலையாயிற்று என்பதை அவர் அறியார். உணவு பெற்ற கரடி உயிரிழந்த கரடியே என்னும் பொருள்படும் பழமொழி ஒன்று அந்நாட்டுக் காவலரிடையே வழங்குவது இதனாலேயே.

1970ஆம் ஆண்டில் நிருவாகத்தினர் கண்டிப்பான வழிகளை மேற்கொண்டனர். ஏட்டில் முன்னரே இருந்த தடைவிதி அப்பொழுதுதான் உயிர் பெற்றது. திறந்த குப்பைக் கிடங்குகள் மூடப்பட்டன. கரடியால் திறக்க இயலாத மூடியுள்ள குப்பைத் தொட்டிகள் வைக்கப்பட்டன. திருந்துதலும் எளிதாக நிகழவில்லை. அங்குக் கரடிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த கிரெய்க்ஹெட் உடன்பிறந்தார் இருவர், கிடங்குகளைச் சிறிது சிறிதாகவே மூடவேண்டும் என்று வாதிட்டனர். விரைந்து மூடியபொழுது, எச்சில் உணவையே நம்பியிருந்த கரடிகள் மக்கள் தங்கும் இடங்களை நாடின. அவற்றுள் பல மடிந்தன. 1975இல் கிரிஸ்லிக் கரடி அழியும் நிலையை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் இடம் பெற்றது. எல்லோஸ்டோனையும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் சேர்த்து அப்பொழுது எஞ்சியவை ஏறத்தாழ 136 என்று மதிப்பிடப்பட்டது. இன்று அவ்வெண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியுள்ளது. கரடிகள் பன்மடங்கு பெருகின, மக்களும் பெருகினர், ஆயினும் 2000ஆம் ஆண்டுக்குப் பின் அப்பூங்காவில் கரடியால் காயமுறுவோர் சராசரியாக ஆண்டுக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டனர். கரடி மாறவில்லை, மனிதன் மாறினான். அம்மாற்றம் இரு உயிர்களையும் காத்தது.

அன்பு அறிவோடு கூடாவிடின் என்ன நேரும் என்பதற்கு மேலும் துயரமான சான்று உண்டு. 2016ஆம் ஆண்டு மே திங்களில் பூங்காவுக்கு வந்திருந்தோர் சிலர், புதிதாகப் பிறந்த காட்டெருமைக் கன்று ஒன்றைக் கண்டனர். அது குளிரால் வாடுகின்றது என்று எண்ணினர், இரக்கம் மேலிட்டது. கன்றைத் தூக்கித் தம் வண்டியில் ஏற்றிக் காவலரிடம் கொண்டுவந்தனர். காவலர் அதனை மீண்டும் கூட்டத்தோடு சேர்க்கப் பலமுறை முயன்றனர். கூட்டம் ஏற்கவில்லை. தனித்து நின்ற கன்று, சாலையில் வந்த வண்டிகளையும் மக்களையும் நாடிச் செல்லலாயிற்று. வேறு வழியின்றி அது கொல்லப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே திங்களில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று மீண்டும் நேர்ந்தது. லாமர் ஆற்றைக் கூட்டத்தோடு கடக்க இயலாமல் பின்தங்கிய கன்று ஒன்றை ஒருவர் தள்ளிக் கரையேற்றினார். அக்கன்றையும் கூட்டம் ஏற்கவில்லை. அதன் முடிவும் அவ்வாறே ஆயிற்று.

இந்நிகழ்ச்சிகளைக் கேட்டோர் பலர் காவலரையே பழித்தனர். கன்றைக் கொல்வதா? பால் ஊட்டி வளர்க்கக் கூடாதா? வேறு காட்டுக்கு அனுப்பக் கூடாதா? இவ்வினாக்கள் இரக்கத்தில் பிறந்தவை. ஆதலின் இகழத்தக்கவை அல்ல. ஆயினும் அவற்றுக்கு விடை உண்டு. எல்லோஸ்டோன் எருமைகளுள் சில, மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோயைத் தாங்கியவை. ஆதலின் அவற்றை வெளியே அனுப்புதற்குக் கடுமையான விதிகள் உள்ளன. மேலும், தேசியப் பூங்கா விலங்குக் காட்சிச்சாலை அன்று. கூண்டில் அடைத்து ஊட்டி வளர்ப்பது அதன் நோக்கம் ஆகாது. காட்டில் பிறக்கும் கன்றுகள் யாவும் பிழைப்பதில்லை. சில குளிரில் மடியும். சில ஆற்றில் போகும். சில ஓநாய்க்கும் கரடிக்கும் இரையாகும். இரையான கன்று பல உயிர்களை வாழ்விக்கின்றது. இது கொடுமையாகத் தோன்றலாம்; ஆனால் காடு காடாக இருப்பது இவ்வொழுங்கினால்தான். காவலர் கை கடைசியில் செய்த செயலைப் பழிப்போர், முதலில் கன்றைத் தொட்ட கை எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூங்கா மக்களுக்காக அமைந்தது அன்றோ, அவர்கள் விரும்பியவாறு கண்டு மகிழத் தடை என்ன என்று வினவுவாரும் உண்டு. மக்களின் நலனுக்கும் மகிழ்ச்சிக்கும் என்றே 1872ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலத்தை ஒதுக்கியது உண்மை. ஆனால், மக்கள் என்போர் இன்று வந்திருப்போர் மட்டுமல்லர். நேற்று வந்தோர் காத்து வைத்ததனால் இன்று வந்தோர் காண்கின்றனர். இன்று வந்தோர் காத்து வைத்தால் நாளை பிறப்போர் காண்பர். பொதுச் சொத்து என்பது எவரும் தம் விருப்பம்போல் கொள்ளத்தக்க சொத்து என்று பொருள்படாது. ஊர்ப் பொதுக் குளத்தில் ஒருவர் தம் பங்கு நீரை மாசுபடுத்த உரிமை உண்டென்று கூற இயலுமா? குளத்து நீரில் தனிப் பங்கு இல்லை, காட்டிலும் அவ்வாறே.

என் ஒருவனால் என்ன கேடு வந்துவிடும் என்பது மற்றொரு வாதம். தீங்குகளுள் பெரும்பாலானவை இவ்வாதத்திலிருந்தே பிறக்கின்றன. வருபவர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஒரு முறை, ஒரு கணம் மட்டுமே கரடியின் அருகில் செல்ல விரும்புகின்றார். அவருக்கு அஃது ஒரு கணம். கரடிக்கோ அது கோடை முழுதும் நிகழும் தொல்லை. ஆண்டுக்கு 40 இலட்சம் பேர் வருமிடத்தில், ஆயிரத்தில் ஒருவர் பிழை செய்தாலும் பிழைகள் 4,000 ஆகிவிடும். ஆதலின், மிகப் பலர் கூடுமிடத்தில் ஒவ்வொருவரும் தாம் செய்யப்போவதைப் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். எல்லாரும் செய்தால் தீதாகும் ஒன்றை ஒருவர் செய்வதும் தீதே.

அப்படியாயின் மக்களைத் தடுத்துவிடலாமே, விலங்குகளைச் சுற்றி வேலி இடலாமே என்று சிலர் கூறுவர். அதுவும் தக்கதன்று. வேலியிட்ட காடு காடாகாது. மக்கள் காணாத காட்டின்மேல் மக்களுக்குப் பற்று உண்டாகாது. பற்று இல்லாதவற்றைக் காக்க எவரும் முன்வருவதில்லை. ஓநாய் வாழும் லாமர் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் தொலைநோக்கிகளை நிறுத்தி, குளிரில் நடுங்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்போரைக் காணலாம். ஒரு கல் தொலைவில் புள்ளிகளைப்போல் ஓநாய்கள் ஓடுவதைக் கண்டு அவர்கள் அடையும் மகிழ்ச்சி சிறிதன்று. முன்பின் அறியாதவர்க்கும் தம் தொலைநோக்கியைத் தந்து காணச் செய்கின்றனர். ஓநாய்க்கு அவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மக்களும் காட்டு விலங்கும் ஒரே இடத்தில் தீங்கின்றி இருக்கவியலும் என்பதற்கு அவர்களே சான்று.

தண்டனை வேண்டாவோ எனின், வேண்டும். பூங்கா விதிகளை மீறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறையும், 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆயினும் தண்டனை என்பது தீங்கு நேர்ந்தபின் வருவது. கன்று இறந்தபின் விதிக்கும் அபராதம் கன்றை மீட்பதில்லை. தீங்கு நேருமுன் தடுக்க வல்லது அறிவு ஒன்றே. ஆதலினாலேயே நல்ல காவலர் துப்பாக்கியினும் சொல்லையே மிகுதியாகப் பயன்படுத்துகின்றார். நாள்தோறும் அதே வினாவுக்கு அதே விடையைச் சலிப்பின்றிக் கூறுகின்றார். கூடாரம் அடிப்போரிடம் உணவைக் கரடிக்கு எட்டாத பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்கின்றார். தனித்து நடப்போரிடம் கூட்டமாகச் செல்லவும், பேசிக்கொண்டு செல்லவும், கரடியைத் தடுக்கும் காரத் தெளிப்புக் குப்பியைக் கையெட்டும் இடத்தில் வைத்திருக்கவும் சொல்கின்றார். அவர் சொல்லைக் கேட்டவர் பிழை செய்யாமல் திரும்புகின்றனர். நேராத தீங்கு எந்தச் செய்தித்தாளிலும் இடம் பெறுவதில்லை. ஆதலின் அவர் வெற்றியும் புகழ் பெறுவதில்லை.

பழியையெல்லாம் வருவோர்மேல் சுமத்துவதும் முறையன்று. எச்சில் குவியலருகே இருக்கை அமைத்தவர் நிருவாகத்தினரே. ஓநாயை ஒழித்தவரும் அவரே. கரடியோடு கைகுலுக்கலாம் என்பதுபோல் படங்களும் கதைகளும் பரப்புவோர்க்கும் பங்கு உண்டு. இன்று கைப்பேசியில் எடுத்த படத்துக்குப் பிறர் பாராட்டைத் தேடும் ஆசை புதிதாகச் சேர்ந்துள்ளது. எவ்வளவு அருகில் நின்றாரோ அவ்வளவு பாராட்டு என்னும் எண்ணம் வளர்ந்தால், விதியும் காவலரும் மட்டும் தடுத்துவிட இயலாது. அருகில் நின்று எடுத்த படத்தைக் கண்டு வியப்பதை விடுத்து, இவர் ஏன் இவ்வளவு நெருங்கினார் என்று கேட்கும் வழக்கம் மக்களிடையே தோன்ற வேண்டும். அவ்வழக்கம் வேரூன்றுதற்குரிய இடம் பள்ளிக்கூடமே.

அன்பு என்பது எப்பொழுதும் அணைத்துக்கொள்வது அன்று. தாய் குழந்தையை அணைக்கின்றாள். அதே தாய், நடை பயிலும் குழந்தையை விட்டுச் சற்று விலகியும் நிற்கின்றாள். இரண்டும் அன்பே. காட்டு உயிர்களுக்கு மனிதன் காட்டத்தக்க அன்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கையை நீட்டாமல் கண்ணால் மட்டும் காணுதல், உணவிடாமல் அதன் உணவைக் கெடுக்காமல் இருத்தல், வழிகாட்டாமல் வழிவிடுதல். இவை சிறிய செயல்களாகத் தோன்றும். ஆனால், இரண்டு டசன் எருமைகள் ஆயிரங்களாகப் பெருகியதும், 136 கரடிகள் ஆயிரத்தை நெருங்கியதும், அற்றுப்போன ஓநாயின் குரல் மீண்டும் பள்ளத்தாக்கில் எழுந்ததும், மனிதன் தன் கையை அடக்கக் கற்றுக்கொண்டதன் பயனேயாகும். அக்கல்வி எல்லோஸ்டோனுக்கு மட்டும் உரியதன்று. காடும் மனிதனும் சந்திக்கும் இடமெல்லாம் வேண்டப்படுவது.